ஆனைக்கசத்து நீர்மருது

முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய். மாசானம் ஐனுல் லாத்தாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அது.

கைநீட்டி வாங்கிய கடனில்லை. வாயால் வந்து சேர்ந்த கடன். ஊருக்கே அக்காவான லாத்தா மலையடிவாரத்து ஊரில் கூடாரம் வாடகைக்கு விடுகிறவள். புருஷன் இருந்தவரை கல்யாணப் பந்தல் கடைதான். அவர் போன பிறகு, மலைக்குப் போய்த் தங்குகிற கூட்டம் பெருகுவதைப் பார்த்து, நகையை அடகு வைத்துக் கூடாரம் வாங்கிப் போட்டாள். மாசானம் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். லோடு இல்லாத நாட்களில் அவளுடைய கூடாரங்களைத் தலைச்சுமையாக மலைக்குக் கொண்டுபோய், ஆற்றங்கரையில் அடித்துக் கொடுத்து, வந்தவர்கள் கிளம்பியதும் பிரித்துக் கொண்டுவருவான்.

ஐப்பசியில் ஒருநாள் மலைமேல் ஆனைக்கசத்துக் கரையில் கூடாரம் போட்டிருந்தபோது மேற்கே வானம் கறுத்தது. மாசானம் தங்க வந்த எல்லோரையும் மேட்டுக்கு விரட்டிவிட்டு, நாலு கூடாரத்தையும் சுருட்டித் தார்ப்பாயில் பொதிந்து, கரையில் நின்ற பெரிய நீர்மருது மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். கட்டிய கையோடு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "மலையே பெரண்டாலும் இந்த முடிச்சு அவுறாது. பொருளுக்கு நான் பொறுப்பு!"

வெள்ளம் வந்தது. மேட்டுப் பாதை வழியாக எல்லோரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். பொதி மட்டும் சேரவில்லை. அங்கே ஒன்றுமே இல்லை என்று காட்டுக் காவலர் வந்து சொன்னார். நாலு கூடாரத்தின் விலையும் மாசானத்தின் கணக்கில் ஏறியது. அன்றிலிருந்து டீக்கடையில் யாருடைய வேட்டி நழுவினாலும், "என்னவே, மாசானம் கட்டுன முடிச்சா?" என்று ஒரே சிரிப்பு.

மாசானம் சிரிக்கவில்லை. கேரளத்தில் கல் உடைக்கும் குவாரிக்கு ஆள் எடுத்தார்கள். ரெண்டு வருஷம் அங்கேயே கிடந்தால் கடனை அடைத்துவிடலாம். திங்கட்கிழமை பஸ். ஆறு வயது மகள் செண்பகத்திடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான், வெள்ளத்துக்குப் பிறகு மூடிக் கிடந்த ஆனைக்கசத்துப் பாதையைக் காட்டிலாகா திறந்தது. மாசானம் நேரே லாத்தா கடைக்குப் போய் நின்றான்.

"லாத்தா, திங்கக்கிழமைக்கு முன்ன ஒருதடவை ஆத்தோட தேடிப் பாத்துட்டு வந்துருதேன்."

"வெள்ளம் கொண்டுபோனதை எங்க போயித் தேடுவ?"

"முடிச்சு அவுந்திருக்காது லாத்தா. அப்ப மரந்தான் பேந்து போயிருக்கணும். நான் டெண்ட்டத் தேடல. மரத்தத் தேடுதேன்!"

லாத்தா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். பிறகு கல்லாவைப் பூட்டினாள்.

"நானும் வாறேன்."

"நீங்களா!"

"ஏன், எனக்குக் காலு இல்லியா? உன்னைத் தனியா விட்டா மலைக்கு அந்தப் பக்கமா இறங்கி ஓடிருவ. கடன் குடுத்தவ நானுல்லா!"

மூன்றாவது ஆள் தவசி. மாசானத்தின் மச்சினன். ஆற்றில் மீனோடு போட்டி போட்டு நீந்துவான். நீந்தாத நேரமெல்லாம் பேசுவான். காட்டிலாகாவில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பழைய சின்னக் கூடாரம் ஒன்று, கயிறு, அரிசி, வெங்காயம், கத்தி என்று மூட்டை கட்டி, சனிக்கிழமை விடியவும் மூன்று பேரும் மலை ஏறினார்கள்.

ஆனைக்கசத்துக்கு விளக்கும் கிடையாது, குழாயும் கிடையாது. ஒதுங்க வேண்டுமானால் புதர்தான். ஆறு வளைகிற இடத்தில் ஒரு மணல் திட்டு. அதையொட்டி ஆனை முங்கும் ஆழத்தில் பச்சையாகக் கிடக்கும் கசம். யாரோ எப்போதோ வைத்த மூன்று அடுப்புக்கல். அவ்வளவுதான் அங்கே வசதி. அதற்குத்தான் பட்டணத்திலிருந்து காசு கொடுத்து வருகிறார்கள்!

மாசானம் மூட்டையைக் கூட இறக்கவில்லை. கரைக்கு ஓடினான். நீர்மருது நின்ற இடத்தில் ஒரு மாட்டுவண்டி இறங்குமளவுக்குப் பெரிய பள்ளம்! அறுந்த வேர்கள் கை நீட்டிக்கொண்டு நின்றன.

"மரம் போயிட்டு!" என்று குதித்தான் மாசானம். "லாத்தா, மரம் போயிட்டு! முடிச்சு போவல!"

"பொருளு போனதுக்கு இப்பிடி ஆடுறவனை நான் பாத்ததில்லடே" என்றாள் லாத்தா.

"அத்தானுக்குப் பொதியை விட முடிச்சு பெருசு" என்றான் தவசி. "ஏன் அத்தான், பக்கத்துல பாறை கெடக்கே, அதுல கட்டியிருந்தா என்ன?"

மாசானத்தினுடையது லாரியில் கட்டிப் பழகிய கை. பாரம் என்றால், பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற எதையாவது பிடித்து இறுக்கத்தான் தோன்றும். கீழே கிடக்கிற பாறை அவன் கண்ணுக்கே படவில்லை.

ஆற்றோரமாகவே கீழே இறங்கித் தேடினார்கள். வழுக்குப் பாறை, முள்மூங்கில், இடுப்பளவுத் தண்ணீர்! "பைய லாத்தா!" "கையைப் பிடிங்க!" "அந்தக் கல்லுல மிதிக்காதீங்க, ஆடும்!" விழுந்து கிடந்த மரம் ஒவ்வொன்றையும் மாசானம் தொட்டுப் பார்த்தான். இது புங்கை. இது நாவல். நீர்மருதின் வெளுத்த பட்டை எங்கேயும் இல்லை. பொழுது சாயவும் ஒரு சின்ன மணல்மேட்டில் தங்கினார்கள். கூடாரம் லாத்தாவுக்கு. ஆண்கள் இருவரும் வெளியே, சாக்கை விரித்து.

சோறு தின்று சாய்ந்ததும் மழை வந்தது. தை மாதத்தில் யாரும் கூப்பிடாத மழை!

"உள்ள வாங்கடே ரெண்டு பேரும்!" என்று கத்தினாள் லாத்தா. "காய்ச்சல்ல கெடந்தா எவன் எனக்குக் கடன் அடைப்பான்?"

ரெண்டு பேர் படுக்கிற கூடாரத்தில் மூன்று பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தவசியின் தலை கூரையில் முட்டியது. மாசானம் மேலே பார்த்தபடி இருந்தான். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறான். உள்ளே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. துணிக்கு அந்தப் பக்கம் மழை பொரிகிறது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.

"நல்லாத்தான் இருக்கு லாத்தா" என்றான்.

"இருக்கும். எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."

"நீங்க இதுல படுத்ததே இல்லியா?"

"வாடகைக்கு விடுற பொருளு. நான் படுத்து அழுக்காக்கவா?"

தவசி சிரித்த சிரிப்பில் கூடாரம் ஒருபக்கம் சாய்ந்தது. லாத்தா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

காலையில் ஆறு கலங்கி ஓடியது. முட்டி வரைக்கும் இருந்த இடத்தில் இப்போது தொடை வரைக்கும் தண்ணீர். ஒரு வளைவைத் தாண்டியதும் தவசி கத்தினான்.

"அத்தான்! அங்க பாருங்க!"

ரெண்டு பெரும்பாறைக்கு நடுவே ஆறு ஒடுங்கிப் பாய்ந்தது. அந்த இடுக்கின் மேல் பாலம் போட்ட மாதிரி குறுக்கே கிடந்தது நீர்மருது! அதன் வயிற்றில், பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கியது நீலத் தார்ப்பாய்ப் பொதி!

மாசானம் பாறை விளிம்புக்கு ஓடினான். லாத்தா பின்னாலிருந்து சொன்னாள்: "உன் முடிச்சு நிக்குதுடே."

யோசித்துத் திட்டம் போட்டார்கள். கயிற்றை அறுத்தால் பொதி இடுக்குக்குக் கீழே இருந்த சுழலுக்குள் போய்விடும். ஆகவே தவசி மரத்தின் மேல் போய்ப் பொதியில் இன்னொரு கயிற்றைக் கட்ட வேண்டும். அதன் முனையைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கப்புறம் முடிச்சை அவிழ்த்தால் எல்லோரும் சேர்ந்து இழுத்துவிடலாம்.

தவசி அணில் மாதிரி ஏறிப் போனான். மரத்தை அணைத்துப் படுத்து, பொதியை எட்டுவதற்காகக் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே காலை நுழைத்துக்கொண்டான்.

"அத்தான், இது முடிச்சா, பூட்டா? கல்லு மாதிரி இருக்கு!"

அவன் சொல்லி முடிக்கவில்லை. பெருகிய தண்ணீர் பொதியை ஓங்கி அறைந்தது. மரம் முனகிக்கொண்டு புரண்டது! தவசி கையிலிருந்த புதுக்கயிறு ஆற்றில் விழுந்து மறைந்தது. கட்டுக்கயிறு முறுக்கேறித் தவசியின் காலை மரத்தோடு நெரித்தது.

"அய்யோ! காலு! காலு!"

மாசானம் பாய்ந்து மரத்தில் ஏறினான். ஊர்ந்து போய் முடிச்சில் விரலை விட்டான். நகம் பெயர்ந்தது. தானே போட்ட முடிச்சு தன் கைக்கே அவிழவில்லை! பாரம் இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது. பாரத்தை இழுக்கிறதோ ஆறு.

"லாத்தா, கத்தி! கத்தியை எறிங்க!"

"எறிஞ்சா ஆத்துலதான் விழும்!"

அவள் எறியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகி, வெங்காயம் நறுக்கிய கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த ஆடுகிற மரத்தில் தவழ்ந்து வந்தாள்! நீச்சல் தெரியாத பொம்பளை. மனசுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். மரம் இன்னொரு தடவை புரண்டது. தவசியின் முகம் தண்ணீரைத் தொட்டது.

மாசானத்தின் கண் ஒரு நொடி அந்த நீலப் பொதியில் போய் நின்றது. செண்பகம், குவாரி, ரெண்டு வருஷம், எல்லாம் அதற்குள் கட்டிக் கிடந்தது.

"பொதியப் பாக்காத! புள்ளையப் பிடி!" என்று அதட்டிவிட்டு லாத்தா கத்தியை வைத்து அறுத்தாள்.

ஒரு இழை. இன்னொரு இழை. படாரென்று கயிறு தெறித்தது. நகையை அடகு வைத்து வாங்கியதெல்லாம் சுழலுக்குள் போய் முங்கியது. மாசானம் தவசியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். மூன்று பேரும் கரைப் பாறையில் விழுந்தபோது, பின்னால் நீர்மருது பெருமூச்சு விட்டுப் புரண்டு ஆற்றோடு போயிற்று.

லாத்தா தவசியின் காலை மடியில் வைத்து உருவினாள். எலும்பு முறியவில்லை. தோல்தான் உரிந்திருந்தது.

"நாளைக்கு பஸ் ஏறிருதேன் லாத்தா" என்றான் மாசானம். "ரெண்டு வருஷத்துல பைசா பாக்கியில்லாம தந்திருவேன்."

"ஏறித்தான் பாரேன், காலை ஒடிச்சுப் போடுதேன். அறுத்தது யாரு? நானு. என் கையால போனதுக்கு நீ ஏன் தரணும்?"

"கட்டுனது நானுல்லா!"

"அறுத்தது நானுல்லா!"

"லாத்தா..." என்றான் தவசி.

"நீ சும்மா கெட மூதி! காலு வலிக்கலியா ஒனக்கு?"

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா அங்கன பாருங்களேன்!"

கீழே, ஆறு பரந்து கூழாங்கல்லில் சலசலத்து ஓடுகிற இடத்தில், நீலமாக ஒன்று மிதந்து, சுற்றி, தரை தட்டி, மணலில் ஏறி உட்கார்ந்தது!

மாசானம் ஓடின ஓட்டத்தை அந்த ஆறு பார்த்திருக்காது. பின்னாலேயே லாத்தா. அவளுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு தவசி. தார்ப்பாயைப் பிரித்தார்கள். நாலு கூடாரமும் இருந்தது! ஒன்றில் மட்டும் கை நுழைகிற கிழிசல். மற்றதெல்லாம் பூஞ்சை நாற்றம்தான்.

அன்று அங்கேயே தங்கி நாலையும் வெயிலில் அடித்துக் காயவைத்தார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு கூடாரம் என்று ராஜா மாதிரி பிரிந்து போனார்கள். ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகியிருக்காது.

"அத்தான், தூங்கிட்டியளா?"

"இல்ல மாப்ள."

"எனக்கு ஒருமாதிரி இருக்கு."

"வாங்கடே எல்லாரும் இங்க" என்று லாத்தாவின் குரல் வந்தது. "எனக்குந்தான் இவ்வளவு இடம் என்னத்துக்கு?"

திங்கட்கிழமை காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். மாசானத்தின் தலையில் பொதி. கேரளத்து பஸ் அவனைக் கடந்து போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக் கூட்டம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றது.

"என்னவே மாசானம், முடிச்சு நின்னுச்சா?"

"நின்னுது" என்றான் மாசானம். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நின்னா மட்டும் போதாதுவே. வேணுங்கிற நேரத்துல அவுக்கவும் வரணும். இனிமே அப்பிடித்தான் கட்டப்போறேன்."

லாத்தா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "முப்பத்தோராயிரத்து நானூறும் தீந்து போச்சு. இவன் எனக்குச் சல்லிக்காசு தரவேண்டாம். கேட்டுக்கிட்டீயளா?"

"கிழிஞ்ச டெண்ட்டு ஒண்ணு இருக்கே லாத்தா" என்றான் மாசானம்.

"அதை இனி எவன் வாடகைக்கு எடுப்பான்? நீயே வச்சுக்க. தச்சு எடுத்துட்டு செண்பகத்தைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரையில போயிப் படு. புள்ள மழைச் சத்தம் கேக்கட்டும்."

"சும்மா வாங்க மாட்டேன். ஒரு வெலை சொல்லுங்க."

"பெரிய மானஸ்தன்! சரி, அம்பது ரூபா எடு."

மாசானம் சட்டைப்பையில் தேடினான். நனைந்து காய்ந்து மொறமொறவென்றிருந்த ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து, ரெண்டு கையாலும் நீட்டினான். லாத்தா அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மடிக்காமலே டீக்கடைக்காரரிடம் கொடுத்தாள்.

"மூணு டீ போடும். மிச்சத்துக்கு வடை."