தறி ஓடாத பகல்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். இளம்பிள்ளையில் ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. ஆனாலும் இளவழகன் சாய்ந்திருந்த சுவர் அதிர்ந்தது.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மசகெண்ணெய் வாசமும் நூல் தூசியும் தேங்கிய கூடத்தில் நான்கு தறிகளும் பாதிச் சேலையோடு அசையாமல் கிடக்க, சுண்ணாம்புச் சுவருக்குள் மட்டும் ஏதோ ஒன்று அவசரமாக ஓடி, தடுக்கி, நின்று, மறுபடி ஓடியது. தறிக்கு ஒரே தாளம். இதற்குத் தாளமே இல்லை.

அவன் மனைவி தீபிகாவுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம். “வலது பக்க இதயம் ஏற்கெனவே திணறுது. துடிப்பு தாறுமாறாப் போச்சுன்னா தாங்காது. உடனே கூட்டிட்டு வந்துருங்க” என்று சேலம் டாக்டர் சொல்லியிருந்தார். போன மாதம் ஒரு மத்தியானம் அவள் நெஞ்சைப் பிடித்தபடி இதே கூடத்தில் வந்து நின்றாள்.

“ஏனுங்க, உள்ள தடதடன்னு அடிக்குதுங்க.”

“தறி ஓடுற ஊட்டுல எல்லாருக்குந்தான் நெஞ்சு அதிரும். போய்ப் படு.”

சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். அவள் சில்லிட்டுப் போயிருந்தாள்.

“என்னங்க மாப்ள, செவுத்தத் தடவறீங்க?” பேத்தியைக் கூட்டிப்போக வந்த மாமியார் பெரியநாயகி, துணிப்பையோடு வாசலில் நின்றாள். “எம்புள்ள நெஞ்சுல ஒருக்கா இப்படிக் கை வெச்சிருந்தா ஆகாதா?”

“பாப்பா எங்கிட்டயே இருக்கட்டுங்க அத்தை.”

“எதுக்கு? இதையும் போய்ப் படுன்னு சொல்றதுக்கா?”

அவன் கைக்கடியில் அதிர்வு நகர்ந்தது. சுவரைத் தடவிக்கொண்டே அவனும் நகர்ந்தான். கூடத்தைத் தாண்டி. சமையலறையைத் தாண்டி. உள்ளறை வாசலில் அது சட்டென்று நின்றது.

கட்டிலில் நான்கு வயது யுவஸ்ரீ. விழித்திருந்தாள். உதடு நீலம்.

“கண்ணு.”

கவுன்மேல், நெஞ்சில் கை வைத்தான். துடிப்பு இல்லை.

“அழுத்தாதீங்கப்பா.” குழந்தைக்கு மூச்சு வாங்கியது. “அம்மா புடிச்சிருக்கறாங்க. என்னைய உங்களுக்கும் தரமாட்டாங்களாம். கூட்டிட்டுப் போக வந்த அம்மாயிக்கும் தரமாட்டாங்களாம்.”

குழந்தையின் விலாவுக்கு அடியில் ஒன்று புடைத்தது. விரல் தடிமன். பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. ஐந்து.

உள்ளிருந்து அவன் உள்ளங்கையை ஒருமுறை தொட்டன.

பிறகு, மெல்ல, மடங்கத் தொடங்கின.