சவரி, எங்கிட்டு இருக்கே?

1944, ஆவணி மாதம். கரிப்புகையில் ஓடும் பஸ் என்னை அன்னவாசலில் இறக்கிவிட்டபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆத்மநாதனின் வீடு எது என்று கேட்டதும் கடைக்காரர் கையைக் காட்டினார்.

ஆத்மநாதனும் நானும் பர்மா எல்லையில் ஒரே படைப்பிரிவில் போர் விமானம் ஓட்டியவர்கள். சாகும்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

கதவைத் திறந்த அவன் தாய் உண்ணாமலையிடம் என் பெயர் திருப்பதி என்றேன். சவரியப்பன் என்ற உண்மைப் பெயரைச் சொல்ல நா எழவில்லை.

"உள்ள வாங்க தம்பி," என்று மோர் கொடுத்தார். "திருச்சியில காலேசுக்குப் போறேன்னுதான் போனான். ஏரோப்பிளேன் ஓட்டுறான்னு கடுதாசி வந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. சித்தன்னவாசல் மலையில ஏறி நின்னாலே எனக்குக் கண்ணக் கட்டும். அவனுக்குப் பயமே கெடையாது."

எனக்கு இருந்தது. எதிரி விமானங்கள் மேலேயிருந்து பாய்ந்த அன்று, அவனுக்குப் பின்னால் காவலாகப் பறக்க வேண்டியவன் நான். திரும்பி மேகத்துக்குள் ஒளிந்துகொண்டேன். ரேடியோவில் அவன் கூப்பிட்டது கேட்டது. பதில் சொல்லவில்லை. மேகத்தில் பிரிந்துவிட்டோம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் அடியிலிருந்து எரிந்த எண்ணெயின் நெடி வந்தது.

உண்ணாமலை குரலைத் தாழ்த்தினார். "தந்தி வந்த நாள்லேர்ந்து, உச்சி வேளையானா உள்ள அவன் பேசுறது கேக்குது தம்பி. சவரின்னு யாரையோ தேடுறான். ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

உள்ளே ஏதோ கரகரத்தது. ரேடியோவின் இரைச்சல் போல.

பிறகு அவன் குரல்.

"சவரி, எங்கிட்டு இருக்கே?"

அன்று கேட்ட அதே சொற்கள். நான் வந்துவிடுவேன் என்று கடைசிவரை நம்பிய குரல்.

மறுபடியும் கேட்டது. கதவுக்கு மிக அருகில்.

"நான்தாம்மா சவரி. அவன விட்டுட்டு ஓடிட்டேன்."

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. உள்ளறைக் கதவைக் காட்டினார்.

"அவனுக்குப் பதில் சொல்லுங்க."

கதவில் நெற்றியை வைத்தேன். மரம் சுட்டது.

"இங்கிட்டுதான்டா இருக்கேன்."

இரைச்சல் நின்றது.

ஒரு மாதம் கழித்து, உண்ணாமலை சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம் எங்கள் விமானப்படை முகாமுக்கு வந்தது. 'இப்போது அவன் கூப்பிடுவதில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உங்களோடு வந்துவிட்டானா?'

பதில் எழுத உட்காரும்போதெல்லாம், எதிரே உள்ள காலி நாற்காலி மெல்ல மேசையை நோக்கி நகர்கிறது.