சங்கிலி இழுத்தும் நிற்காத வண்டி

கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டியில் அபாயச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டாக இழுத்தது மாதிரி தெரியவில்லை. யாரோ உடம்பின் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கியிருக்க வேண்டும். சிவப்புக் கைப்பிடி ஒரு பக்கமாகக் கோணி, வண்டியின் ஆட்டத்துக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கார்டு முதலில் செய்த காரியம், யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்ததுதான்.

சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பது அந்த வண்டியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கார்டு. இன்னொருவர் எஞ்சினில் உட்கார்ந்திருந்த டிரைவர், கார்டின் மனைவிக்கு அண்ணன். முனைக் கடைக்குப் போய்த் திரும்பவே அரை நாள் எடுத்துக்கொள்கிற மனிதர் என்பதால் பணிமனையில் அவருக்குப் 'புயல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் புயல்தான் இன்று நாட்டிலேயே நீளமான தடத்தை, விடியலில் கிளம்பி இருட்டுவதற்குள் கடந்து காட்டப் போகிறது. எந்தப் பயணிகள் ரயிலும் இதுவரை அந்தக் காரியத்தைச் செய்ததில்லை.

போன தடவை முயன்றபோது, குடையைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டேன் என்று எவனோ ஒரு புண்ணியவான் சங்கிலியை இழுத்து எல்லாவற்றையும் கெடுத்தான். இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது. "மேலிடம் இதையெல்லாம் வாயால சொல்லாது மாப்ளே, நாமளாத்தான் புரிஞ்சு நடந்துக்கணும்" என்றார் புயல். கார்டும் புரிந்து நடந்துகொண்டார். பயணிகள் ஏறுவதற்கு முன்பே பெட்டி பெட்டியாகப் போய், சங்கிலியைப் பிரேக்கோடு சேர்க்கும் வால்வை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அடைத்துவிட்டு வந்தார்.

"சார், நான்தான் இழுத்தேன்."

ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நடுத்தர வயது. சங்கிலி பதிந்த தடம் இரண்டு உள்ளங்கையிலும் சிவப்பாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டு வரேன்னு எங்க வீட்டுக்காரர் போனார் சார். ஆளையே காணோம். கழிப்பறையிலயும் இல்ல. எனக்குப் பயமா போச்சு, இழுத்தேன். ஏன் சார் நிக்கல?"

"எப்பப் போனார்?"

"அந்தப் பெரிய பாலம் வர்றதுக்கு முன்னாடி."

பாலம் எப்போதோ போய்விட்டது. "நீங்க உட்காருங்கம்மா, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கார்டு பெட்டியின் கோடிக்குப் போனார். அங்கே கதவு திறந்து கிடந்தது. கை கழுவும் தொட்டியின் தண்ணீர் தரையெல்லாம் சிதறி, மிதிபட்டுச் சேறாகி, சோப்பு வாசனையும் இரும்புத் தூள் வாசனையுமாகக் காற்றில் அடித்தது. வாசற்படி ஓரத்தில் ஒற்றைச் செருப்பு ஒருக்களித்துக் கிடந்தது. பழுப்பு நிற ஆண் செருப்பு. அறுந்த வாரைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள்.

பின்னால் அந்தப் பெண் எழுந்து வரும் சத்தம் கேட்டது. கார்டு யோசிக்கவே இல்லை. பூட்ஸ் நுனியால் செருப்பை வெளியே தள்ளிவிட்டார்.

"இருக்காரா சார்?"

"இங்க இல்லம்மா. முன்னால இன்னும் எத்தனை பெட்டி இருக்கு! எங்கேயாவது சீட்டாடற கும்பலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இறங்கறப்ப தானா வந்து நிப்பார் பாருங்க."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா."

அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "நான்தான் அவசரப்பட்டுட்டேன். நல்லவேளை வண்டி நிக்கல, எத்தனை பேர் ஆசையைக் கெடுத்திருப்பேன்! அபராதம் போடுவீங்களா சார்?"

"இந்த ஒரு தடவை விட்டுடறேன்" என்றார் கார்டு.

சொன்ன பிறகு அவருக்கே உடம்பு கூசியது. தன் பெட்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் பயணிகள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பழைய சாதனையை விட நாம் எவ்வளவு முன்னால் போகிறோம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்ல, பெட்டிக்குப் பெட்டி கைதட்டல் எழுந்தது. அவர் எல்லோருக்கும் சிரித்துக் காட்டினார்.

வண்டியின் கடைசிப் பெட்டியில்தான் கார்டின் அறை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, பின்பக்கம் பார்க்க ஒரு கண்ணாடி. பக்கத்தில் அவருக்கென்றே ஒரு பிரேக் கைப்பிடி. அதை அவர் அடைத்துவைக்கவில்லை. இழுத்தால் வண்டி நிற்கும். கையை அதன் மேல் வைத்தார். கடைசி நிலையத்தில் புது உடுப்போடு காத்திருக்கும் மனைவியும் பிள்ளைகளும் கண்ணில் வந்தார்கள். நிறுத்தினால், சங்கிலி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார்கள். ஒரே கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த மனிதர் விழுந்து எவ்வளவோ நேரமாயிற்று, இனி நிறுத்தி என்ன ஆகப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கை தானாகவே கீழே இறங்கியது. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று உள்ளே கேட்ட குரல் அவருடையதுதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தண்டவாளங்களின் தடதடப்புக்கும் இரும்புச் சட்டங்களின் முனகலுக்கும் அடியில், சரளைக் கற்கள் நொறுங்க நொறுங்க யாரோ ஓடி வருகிற சத்தம். ஒரு கால் செருப்புக் கால், இன்னொன்று வெறுங்கால். டப், சொத். டப், சொத். கார்டு கண்ணாடி வழியே பார்த்தார். சாயங்கால வெயிலில் இரண்டு தண்டவாளங்களும் பளபளத்துக்கொண்டு பின்னால் ஓடின. வண்டி கிளப்பிய புழுதி, எரிந்த பிரேக் கட்டையின் வாடை, வேறொன்றும் இல்லை. எந்த மனிதக் காலாலும் தொட முடியாத வேகத்தில் வண்டி பறந்துகொண்டிருந்தது.

சத்தம் சட்டென்று நின்றது. யாரோ குனிந்து எதையோ எடுப்பது போல ஓர் இடைவெளி. பிறகு மறுபடி தொடங்கியது.

டப், டப். டப், டப்.

இரண்டு காலிலும் செருப்பு.

கார்டு கதவைத் தாழ்ப்பாள் போட்டார். விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. வர வர அது மாறவும் செய்தது. செருப்பின் டப் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, பிய்ந்து, ஈரமான சொத் சொத்தாக ஆனது. வயல்கள் போயின, பாறைகள் போயின, ஒரு சுரங்கம் வந்து போனது. சுரங்கத்துக்குள் அந்த ஈரச் சத்தம் நாலாபக்கமும் எதிரொலித்தது. வெளியே வந்தபோது அதில் ஈரம் இல்லை. காய்ந்த குச்சியால் கல்லைத் தட்டுகிற மாதிரி கேட்டது.

டொக். டொக். டொக்.

பிறகு மூச்சு. கதவுக்கு வெளியே. இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு. கைப்பிடி ஒருமுறை கீழே இறங்கி மேலே வந்தது.

"சார்" என்றது ஒரு குரல். கோபமே இல்லாத, சண்டை போட்டுப் பழக்கமில்லாத குரல். "சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க சார். வீட்டுக்காரி தனியா இருக்கா."

கார்டு கதவைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"சரிங்க சார். பரவாயில்ல."

சத்தம் அவருடைய பெட்டியைக் கடந்து முன்னால் போனது. கடைசியிலிருந்து இரண்டாவது பெட்டி. மூன்றாவது. அங்கே வேகம் குறையாமல், கூடவே ஓடியது.

வண்டி நின்றால் அது ஏறிவிடும். இந்த எண்ணம் வந்ததும் கார்டு வாக்கி-டாக்கியைப் பாய்ந்து எடுத்தார்.

"மச்சான், வேகத்தைக் குறைக்காதீங்க."

"என்ன மாப்ளே, இன்னும் ஆசை அடங்கலையா? ஊர் வந்தாச்சு. சாதனை நம்ம பையில."

"நிறுத்தாதீங்க மச்சான். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். நிறுத்தவே நிறுத்தாதீங்க."

"நிறுத்தாம? முன்னால தண்டவாளம் முடிஞ்சு சுவர் இருக்குய்யா!" புயல் கடகடவென்று சிரித்தார்.

பிரேக் பிடித்தது. சக்கரங்கள் கீச்சிட்டன. டொக் டொக் சத்தம் மெல்ல ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்தது. வண்டியோடு சேர்ந்தே நடந்தது. வண்டியோடு சேர்ந்தே நின்றது.

நடைமேடை முழுக்க விளக்குகள். வாத்தியக் கோஷ்டி முழங்கியது. கைகள், தொப்பிகள், படம் பிடிக்கிற வெளிச்சங்கள். கார்டின் பிள்ளைகள் "அப்பா! அப்பா!" என்று கத்தினார்கள். மனைவி அவசரமாக அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள். பெரிய அதிகாரி வந்து அவர் தோளில் தட்டினார். கார்டால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார்! கார்டு சார்!"

அந்தப் பெண்ணின் குரல். அப்படி ஒரு சந்தோஷம் அதில்.

"வந்துட்டார் சார்! நீங்க சொன்ன மாதிரியே வந்து நிக்கறார்! உங்களுக்கு நன்றி சொல்லணுங்கறார், இங்க வாங்களேன்!"

வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். பெரிய அதிகாரியின் கை கார்டின் தோளிலிருந்து விலகியது. மனைவி பிள்ளைகளின் கண்களைப் பொத்தினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கார்டு தலையைத் தூக்கினார்.

அந்தப் பெண் நடைமேடையில் மண்டியிட்டிருந்தாள். கணவனின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருக்க, சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் மூச்சு வாங்கியபடியே கார்டைப் பார்த்துத் தலையசைத்தான். வண்டி வந்த தூரமெல்லாம் தேய்ந்தது போக மிச்சமிருந்த கால்களின் மேல், அவன் நின்றுகொண்டிருந்தான்.