பதினெட்டாம் வீட்டுக்கு வழி

காலையில் எழுந்ததும் பொற்கொடி வீட்டில் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று பார்த்தாள். ஒன்பது மணி நேரத்துக்கு இருந்தது. தாராளம் என்று பல் துலக்கப் போனாள். செவ்வாயில் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக் குடியிருந்த எண்பது வீட்டாரும் அப்படித்தான் பொழுதைத் தொடங்கினார்கள்.

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்பது கூரைகளிலும் இருந்த திசைவிப் பெட்டிகள் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தும் ஊர்வலை, அவளுடைய மூன்று வருட உழைப்பு. அதற்கு உள்நிரல் தேடி அவள் பட்ட பாடு கொஞ்சமா! 'தம்பட்டம்' என்ற நிரல் ஒவ்வொரு செய்தியையும் எல்லாப் பெட்டிகளிலும் கத்தி, வலையையே திணறடித்தது. கடைசியில் 'எறும்பு' கிடைத்தது. போன வழியை நினைவில் வைத்து, நல்ல வழியாகப் பார்த்துப் போகும் சமர்த்து.

இன்று தலைமையக ஆய்வாளர் இருதயராஜ் வந்திருந்தார். காற்றுக்கசிவு எச்சரிக்கை எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் இரண்டு நொடியில் போக வேண்டும். தவறினால் ஊர்வலையைக் கழற்றிவிட்டு, எல்லார் பேச்சையும் ஒட்டுக்கேட்கும் தலைமையகக் கோபுரத்தை நட்டுவிடுவார்கள்.

அவள் வீடு பதினேழு. அங்கிருந்து எதிர்க்கரை ஐம்பத்தேழாம் வீட்டுக்கு எச்சரிக்கை அரை நொடியில் பறந்தது. பொற்கொடி துள்ளினாள்.

"பிரமாதம்மா! பக்கத்து வீட்டுக்கும் ஒண்ணு அனுப்புங்க. சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்" என்றார் இருதயராஜ்.

அனுப்பினாள். செய்தி மற்ற எழுபத்தெட்டு வீடுகளையும் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்து நின்றது.

அவள் பதிவுகளைத் திறந்தாள். யாருடைய செய்தி வேண்டாம் என்று வீட்டுக்காரர் குறித்துவைக்கும் விலக்குப் பட்டியலை 'எறும்பு' மதித்து நடக்கும். எண்பது பட்டியல்களிலும் இரண்டே இரண்டு வீடுகள். அவரவருடைய இடப்பக்கத்து வீடு, வலப்பக்கத்து வீடு.

"நீங்களுமா?" என்று கேட்டார் இருதயராஜ்.

"பதினெட்டாம் வீட்டு ஜெபக்கனி கருவாடு வறுத்தா, காத்துக்குழாய் வழியா வாடை பூரா இங்கதான் சார் வருது. ஆறு வருஷமா நாங்க மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

"சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். எல்லாரையும் சமாதானம் பண்ணிடுங்க."

எண்பது வீட்டையும் சமாதானம் செய்வதா! அதைவிடச் செவ்வாயில் மழை பெய்ய வைத்துவிடலாம். ஆனால் பொற்கொடிக்குச் சட்டென்று பொறி தட்டியது. நிரலில் நான்கு வரி சேர்த்தாள். இனி வலையில் வீட்டு எண் கிடையாது, இயந்திரம் குலுக்கிப் போட்ட புனைபெயர்தான். யார் எந்தப் பெயர் என்று அவளுக்கே தெரியாது. ஆபத்து எச்சரிக்கை மட்டும் போய்ச் சேர்ந்தபின் அனுப்பிய வீட்டின் எண்ணைச் சொல்லும். பிறகு ஊராருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்: முன்பின் தெரியாதவர்களின் செய்திகளை ஏற்கலாமா?

ஒரு நிமிடத்தில் எண்பது வீடும் சம்மதித்தன. யாரும் யோசிக்கக்கூட இல்லை! அடுத்த எச்சரிக்கை பதினெட்டாம் வீட்டில் கால் நொடியில் அலறியது, சுவர் வழியாகவே கேட்டது. பொற்கொடிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. இருதயராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மாலையில் அவள் திரையில் 'மரகதப்புறா' என்று யாரோ வந்தார்கள். அன்றைய வெற்றியையெல்லாம் பொற்கொடி மூச்சுவிடாமல் கொட்டினாள். மறுபக்கம் அப்படி மனம்விட்டுப் பாராட்டியது.

"உங்கள மாதிரி ஒருத்தர் பக்கத்து வீட்டுல இருந்திருக்கக் கூடாதா?" என்று அனுப்பினாள்.

"நானும் அதையேதான் நெனச்சேன்மா. இருங்க, அடுப்புல சட்டி கருகுது, வந்துடறேன்."

குழாய் வழியாகக் கருவாடு தீயும் வாடை வந்தது. பொற்கொடி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோய்க் குழாயை அடைத்தாள். பிறகு ஓடி வந்து, புதுச் சிநேகிதி திரும்பி வருவதற்காகத் திரை முன்னால் காத்திருந்தாள்.