பைன் காய் வைத்த நாற்காலி

தார்ன்லி மாளிகையின் பின்கதவை ஹேசல் திறந்தபோது மழை விட்டிருக்கவில்லை. அக்டோபர் கடைசியில் யார்க்‌ஷயரில் மழை விடும் என்று நம்புகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். குடையை உதறி மூலையில் சாத்தினாள். தன் முழங்கால்கள் இரண்டையும் மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் பார்வையாளர்கள் வருவது முந்தின நாளோடு முடிந்துவிட்டது. இனி வசந்தம் வரை வீடு பூட்டிக் கிடக்கும். மேஜை, கட்டில், பியானோ எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். வெள்ளிச் சாமான்களைச் சுற்றி வைக்க வேண்டும். ஜன்னல்களின் மரத்தடுப்புகளைச் சாத்த வேண்டும். போன வருடம் இதைச் செய்ய ஒரு கூட்டமே வந்தது. இந்த வருடம் ஹேசலும் ட்ரெவரும்தான். ஒருத்திக்கு இடுப்பு ஆபரேஷன், ஒருவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான், மற்றவர்களுக்குக் காரணம்கூட இல்லை. தன்னார்வலர் என்றால் அப்படித்தான். கூப்பிட்ட குரலுக்கு வர யாரும் கடமைப்படவில்லை, ஹேசலைத் தவிர.

இந்த முறை அவளும் விட்டுவிடுவதாக இருந்தாள். அக்கா ரீட்டா விட்பியில், கடற்கரையை ஒட்டி, மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்து வாங்கியிருந்தாள். ஜன்னலோரம் ஹேசலுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தாள். "வாடி, வந்து உக்காரு" என்று வருடக்கணக்காகக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு வருடமும் தன்னார்வலர் கூட்டத்தில் ஹேசல் மாளிகைச் சாவியை மேஜைமேல் வைத்து, "யார் வாங்கிக்கிறீங்க?" என்று கேட்பாள். எல்லோரும் பிஸ்கட் தட்டையே பார்ப்பார்கள். கடைசியில் ஹேசலே சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். இந்த வருடமும் எல்லோரும் பிஸ்கட்டைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஹேசலின் பெட்டி இப்போது காரின் பின்னால் தயாராக இருக்கிறது. வேலை முடிந்ததும் நேரே விட்பி.

சமையலறையில் ட்ரெவர் ஏணிமேல் நின்றிருந்தார். டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பியைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார். கோடை முழுக்க அவருக்கு ஒரே வேலை, சுவரில் வரிசையாகத் தொங்கிய பணியாள் மணிகளை மறுபடி பேச வைப்பது. ஒவ்வொரு மணிக்கும் கீழே அறையின் பெயர் எழுதியிருக்கும். மேலே அறையில் கயிற்றை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி வழியாக இங்கே மணி அடிக்கும். அடித்து ஓய்ந்த பிறகும் அது தொங்கும் சுருள் சற்று நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஓடி வருகிற வேலைக்காரி எந்த அறை என்று பார்த்துக்கொள்வதற்காக.

"வந்தாச்சா மகாராணி? கடைசிக் கம்பியும் மாட்டியாச்சு. எஜமானியம்மா படுக்கையறை. நூறு வருஷத்துக்கு மேல ஊமையா கிடந்தது."

"இறங்குங்க முதல்ல. விழுந்து வச்சீங்கன்னா உங்க வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவ சந்தோஷப்படுவா." ட்ரெவர் இறங்கினார். "சரி, சாவி யார் கைக்குப் போகுது?"

"மேஜை மேல வச்சுட்டுப் போறேன்."

"மேஜை வந்து கதவைத் திறக்குமா?"

ஹேசலின் கண் சமையலறை நாற்காலிமேல் போயிருந்தது.

அந்த மாளிகையில் 'உட்காராதீர்கள்' என்று எங்கும் பலகை கிடையாது. ஒவ்வொரு பழைய நாற்காலியிலும் ஒரு பைன் காய் இருக்கும். பார்க்கிறவர்கள் புரிந்துகொண்டு விலகிவிடுவார்கள். தோட்டத்துப் பைன் மரத்தடியில் ஹேசல் தானே பொறுக்கி, அடுப்பில் காயவைத்து எடுத்து வருபவை. சமையலறை நாற்காலிக்கு மட்டும் முன்பு காய் வைத்ததில்லை. வெறும் மரம், வேலைக்காரி உட்கார்ந்த சாமான், அதைப்போய் யார் காப்பாற்றுவது என்று விட்டிருந்தார்கள். வசந்தத்தில் ஒரு பெருத்த மனிதர் உட்கார்ந்து அதன் காலை உடைத்தார். பசை போட்டு ஒட்டிய கையோடு அதிலும் ஒரு காய் வைத்தாள் ஹேசல்.

அன்றிலிருந்து அந்த ஒரு காய் மட்டும் காலையில் தரையில்தான் கிடக்கும். இன்றும் அப்படியே.

"எலி" என்றார் ட்ரெவர், வழக்கம்போல.

ஹேசல் முனகிக்கொண்டே குனிந்து எடுத்து மறுபடி நாற்காலியில் வைத்தாள்.

அந்த நாற்காலியைப் பற்றிப் பார்வையாளர்களிடம் ஒப்பிக்க அவளுக்கு ஒரு கதை இருந்தது. எஜமானி தார்ன்லியம்மாள் வருடக்கணக்கில் படுக்கையோடு கிடந்தவள். தலைமாட்டில் மணிக்கயிறு. இரவென்றும் பகலென்றும் பாராமல் இழுப்பாள். எல்லென் என்ற ஒரே வேலைக்காரி பின்படி ஏறி ஏறி இறங்குவாள். இந்த வீட்டில் அவள் உட்காரலாம் என்று இருந்த ஒரே இடம் இந்த நாற்காலி. ஒருநாள் அந்தப் படியிலேயே விழுந்து செத்துப்போனாள். சமையலறையில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். இந்த இடத்தில் எல்லோரும் 'அச்சச்சோ' என்பார்கள். பிறகு தேநீர்க் கடைக்குப் போவார்கள்.

"நீ இங்கயே நில்லு. நான் மேல போய் இழுக்கிறேன்" என்று ட்ரெவர் முன்பக்கத்துப் பெரிய படி வழியாகப் போனார்.

சமையலறையில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. ஹேசல் மேஜையில் கையை ஊன்றி நின்றாள்.

மணி அடித்தது. அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக, பொறுமையில்லாமல் அடித்தது. சுருள் நடுங்கியது.

அப்போதுதான் வாசனை வந்தது. கார்பாலிக் சோப்பு, ஈரக் கம்பளி, கரிப்புகை. சமையலறை அடுப்பை மூட்டி எத்தனையோ தலைமுறை ஆயிற்று.

பின்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ட்ரெவர் இறங்குகிறார் என்று நினைத்தாள்.

இறங்கவில்லை. ஏறியது.

"ஹேசல்!" மேலிருந்து ட்ரெவரின் குரல். "உன்னை அங்கயே நிக்கச் சொன்னேனே. எதுக்கு ஏறி வர்ற, இந்தக் காலை வச்சுக்கிட்டு?"

"நான் இங்கதான் நிக்கிறேன்."

சற்றுப் பொறுத்துப் பெரிய படியில் தடதடவென்று இறங்கி வந்தார் ட்ரெவர். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"கதவுக்கு வெளிய யாரோ வந்து நின்னாங்க" என்றார் மெதுவாக. "மூச்சு வாங்குச்சு. கதவைத் தட்டிட்டு, உள்ள கூப்பிடறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி."

"காத்தா இருக்கும்."

"காத்துக்கு மூச்சு வாங்குமா?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நான் கிளம்பறேன்மா. நீயும் வா. துணி போர்த்தறதை இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இன்னொரு நாள் எனக்குக் கிடையாது, ட்ரெவர். ஜன்னலைச் சாத்திட்டு நானும் போயிடுவேன்."

அவர் தயங்கினார், ஏணியை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஹேசலுக்குத் தோன்றவில்லை. பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் வேலையை முடித்து எங்காவது காலை நீட்டி உட்காருவதுதான்.

அறை அறையாகத் தடுப்புகளைச் சாத்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகச் சாத்தச் சாத்த வீடு இருட்டிக்கொண்டே வந்தது. எஜமானியின் கட்டிலுக்கு ட்ரெவர் காலையிலேயே துணி போர்த்தியிருந்தார். கடைசியில் சமையலறைக்குத் திரும்பி சாவியை மேஜைமேல் வைத்தாள்.

மணி அடித்தது.

எஜமானியம்மா படுக்கையறை.

மேலே யாருமில்லை. ஹேசலுக்கு அது தெரியும். கதவுகளை அவள்தான் சாத்தினாள்.

நாற்காலியிலிருந்து பைன் காய் உருண்டு தரையில் விழுந்தது. பின்படியில் காலடி கிளம்பியது. ஒரு படியில் ஒரு கால், அதே படிக்கு மறு கால். நிறுத்தம். பிறகு அடுத்த படி.

அந்த நடை ஹேசலுக்குத் தெரியும். முழங்கால் போனவர்கள் ஏறுகிற நடை. அவளே அப்படித்தான் ஏறுவாள்.

காலடி மேலே போயிற்று, நின்றது, இறங்கியது. கடைசிப் படியைத் தொடுவதற்குள் மறுபடி மணி. திரும்பி ஏறியது. இறங்கியது. மணி.

"அடப்பாவமே" என்றாள் ஹேசல்.

நாங்கள்தான் இதைச் செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. கோடை முழுக்க பெருமையாக உட்கார்ந்து அந்த மணிகளை உயிர்ப்பித்தோம். எல்லென் உட்கார்ந்திருந்த ஒரே இடத்திலும் காயை வைத்தோம். இத்தனை காலம் செத்தும் ஒரு மூலையில் ஓய்ந்து கிடந்தவளை எழுப்பி மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டோம்.

கம்பியைக் கழற்றலாமென்றால் எட்டவில்லை. ஏணி ட்ரெவரின் வண்டியில் போய்விட்டது. காலடி இறங்கி வந்துகொண்டிருந்தது. சோப்பு வாசனை நெருங்கியது. படி முடிகிற இருட்டில் யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

ஹேசல் தரையில் கிடந்த காயை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாற்காலியை மேஜையடியிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா" என்றாள். "போதும். நீ உக்காரு."

மூச்சு நின்றது.

பிறகு பசை போட்ட கால் முனகியது. நாற்காலி பாரம் தாங்கி மெல்ல அமிழ்ந்தது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த ஒரு பெருமூச்சு ஹேசலின் இடுப்பருகே சூடாக வந்து போனது.

ஹேசலுக்கு அழுகை வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. தனக்கும் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

மணி அடித்தது.

நாற்காலி அசையவில்லை.

மறுபடி அடித்தது. நீளமாக.

யாரும் எழவில்லை.

மூன்றாம் முறை மணி அடித்தபோது ஹேசல் தன் கையைப் பார்த்தாள். அது பின்படியின் சுவரைப் பிடித்திருந்தது. ஒரு கால் முதல் படியில் இருந்தது. எப்போது அங்கே வந்தாள் என்று தெரியவில்லை.

"இதோ வந்துட்டேம்மா" என்றது அவள் வாய்.

ஏறினாள். ஒரு படியில் ஒரு கால், அதே படிக்கு மறு கால். கதவு வரை போய்த் தட்டிக் காத்து நின்றுவிட்டு, அதைத் தள்ளித் திறந்தாள். உள்ளே கட்டில்மேல் போர்த்திய துணி, சாத்திய ஜன்னல், இருட்டு. வேறு ஒன்றுமில்லை. மணிக்கயிறு மட்டும் அப்போதுதான் ஒரு கை விட்டதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சுயபுத்தி வந்தது. முன்படி வழியாக, முழங்காலை மறந்து ஓடினாள். வெளிக்கதவைப் பூட்டக்கூட இல்லை.

புதர்க்காட்டுச் சாலையில் மழைக்குள்ளே எப்படி வண்டி ஓட்டினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

ரீட்டா எதுவும் கேட்கவில்லை. தேநீர் போட்டாள், மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தாள். இரண்டு மூன்று நாளில் மழை விட்டு வானம் வெளுத்தது. ஹேசலின் முகமும் தெளிந்துவிட்டது என்று ரீட்டா நினைத்துக்கொண்டாள்.

ஒரு பிற்பகலில் ட்ரெவர் போன் செய்தார்.

"கவலையை விட்டுரு ஹேசல். வீடு இப்ப அமைதியா இருக்கு. சாவியை நானே வச்சுக்கிட்டேன், போதுமா? அந்த மணியைக் கம்பியோட அறுத்து எடுத்துட்டேன். சமையலறை நாற்காலியும் அப்படியே இருக்கு. நீ இழுத்துப் போட்ட இடத்துலயே."

"அதுல காய் எதுவும் வைக்காதீங்க."

"வைக்கல. எனக்கென்னமோ அது பக்கத்துல போகவே மனசு வரல. யாரோ தூங்கறாங்க, எழுப்பக்கூடாதுன்னு தோணுது." அவர் சிரித்தார். "மணி இப்ப என் கையிலதான் இருக்கு. நாக்கையும் கழட்டிட்டேன். இனிமே அது அடிக்கவே அடிக்காது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹேசலின் காதில் அது அடித்தது.

கூர்மையாக, பொறுமையில்லாமல். மாடியே இல்லாத அந்த வீட்டில், மேலேயிருந்து.

போனை வைத்தாள். ரீட்டா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, வந்ததுலேர்ந்து நானும் பாக்கறேன். நின்னுக்கிட்டே சாப்பிடற, நின்னுக்கிட்டே டீ குடிக்கற. ராத்திரி முழுக்க நடக்கற. உனக்குன்னுதானே அந்த நாற்காலியைப் போட்டு வச்சிருக்கேன். உக்காரேன்."

"உக்காரணும்" என்றாள் ஹேசல். அழுகிற குரலில் சொன்னாள். "எனக்கும் உக்காரணும் போலத்தான் இருக்கு, ரீட்டா."

"அப்புறம் ஏன் தினம் காலைல அதைக் கொண்டுபோய் அங்க வைக்கற? நானும் எடுத்து எடுத்துக் குப்பையில போடறேன்."

ஹேசல் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலோர நாற்காலியின் நடுவில் ஒரு பைன் காய் இருந்தது.

மணி மறுபடி அடித்தது.

"இதோ வந்துட்டேம்மா" என்றாள் ஹேசல்.