ஐந்தருவிக்கு ஐந்து மடக்கு

பாண்டிக்கு ஆறு வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டான். ஆனால் அந்தச் சாரல் காலத்தில் அவன் பேச்சு நின்றுபோயிற்று.

முதலில் இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். அப்புறம், படுத்த இடத்திலேயே ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். அம்மா வள்ளித்தாய்க்குக் கை கால் ஓடவில்லை. அக்கா குழல்வாய்மொழிதான் பக்கத்து வீட்டு மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். வீட்டில் அவளை மொழி என்று கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தாள். மாமா தென்காசிக்குப் போய், ஒரு டாக்டரம்மாவைக் குதிரை வண்டியில் இலஞ்சியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

டாக்டரம்மா பாண்டியின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"இது நிமோனியா. நெஞ்சுக்குள்ள நுரையீரல் தேனடை மாதிரி இருக்கும். சின்னச் சின்ன அறைங்க. அதுல எல்லாம் காத்து இருக்கணும். இவனுக்கு வலது பக்கத்துல சளியும் நீரும் அடைச்சிருக்கு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"சின்னப் பிள்ளைக்கும் வரும், பெரிய ஆளுக்கும் வரும். இப்போ புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு, நல்லாக் கேக்குது. பொடிச்சுத் தேன்ல குழைச்சுக் கொடுங்க. ஆனா தண்ணி நிறையக் குடிக்கணும். இல்லேன்னா மருந்து உள்ளே மணல் மாதிரி படிஞ்சு, ஒண்ணுக்கு வராமப் போயிரும். காய்ச்சல் விட்டாலும் மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க."

வண்டி போனதும், பேச்சித்தாய் அத்தை தண்ணீர்ச் செம்பை எடுத்து உயரத்தில் வைத்தாள். அவள் அப்பாவின் அக்கா. பிள்ளைக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு மேலகரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"நெஞ்சுல நீர் கட்டிக் கிடக்குன்னு அந்தம்மாளே சொல்லுதா. அதுல இன்னும் தண்ணிய ஊத்தணுமாம்! முங்கிக் கிடக்குத வயலுக்கு எவனாவது தண்ணி பாய்ச்சுவானா? நாக்கை நனைச்சாப் போதும்."

"நான் அழுத அழுகையில அந்தம்மா சொன்னது ஒண்ணும் காதுல விழல. நீங்க சொன்னாச் சரிதான் மதினி," என்றாள் அம்மா.

அத்தை பாண்டியின் பாதத்தை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில்தான் இப்படிச் சொல்கிறாள் என்று மொழிக்குப் புரிந்தது.

ஆனால் பாண்டியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மாத்திரை உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து அவன் ஒண்ணுக்குப் போகவே இல்லை.

"அத்தே, நாம திங்குத சோறு எங்க போகுது?"

"வயித்துக்கு. இது ஒரு கேள்வியாட்டி?"

"தண்ணியும் அங்கனதான போகும்? மூச்சுக்கு வழி வேற. அதுல ஒரு சொட்டு தப்பிப் போனாக்கூட நமக்குப் புரையேறுதுல்லா?"

அத்தை உயரத்தில் இருந்த செம்பைப் பார்த்தாள்.

"உங்கப்பன் வாய் அப்படியே உனக்கு," என்று முணுமுணுத்தாள். ஆனாலும் செம்பை எடுத்துக் கொடுத்தாள். "சாய்ச்சு உக்காரவச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடு."

இப்போது பாண்டி வாயைத் திறக்கவில்லை.

"வேண்... டாம்."

அம்மா கெஞ்சினாள். அத்தை கொஞ்சினாள், பிறகு அதட்டினாள். அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே துண்டும் எண்ணெயுமாக ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏலே பாண்டி, குத்தாலம் போவமா?" என்றாள் மொழி.

"ஏட்டி! காய்ச்சக்காரப் பிள்ளையையா?" அத்தை பதறினாள்.

"இங்கன இருந்தேதான் அத்தே." மொழி ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆறிய வெந்நீரை ஊற்றினாள். "இது சிற்றருவி. ஒரே ஒரு மடக்கு."

பாண்டி கிண்ணத்தைப் பார்த்தான். குடித்தான்.

"அடுத்தது ஐந்தருவி. அஞ்சு கிளை, அஞ்சு மடக்கு."

மூன்று மடக்கில் நிறுத்திவிட்டான். மூச்சு வாங்கியது.

"மத்த ரெண்டுலயும்... கூட்டம்," என்றான்.

"சரிலே, கூட்டம் குறையட்டும். அவசரமில்ல."

கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டம் குறைந்தது. அதன் பிறகு புலியருவி வந்தது. அங்கே ஒவ்வொரு மடக்குக்கும் உறும வேண்டும் என்று மொழி சட்டம் போட்டாள். பாண்டி பூனைக்குட்டி போல உறுமினான். அத்தை பயந்தவள் போல அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது, ஆனாலும் சிரித்தான்.

சாயங்காலம் மொழியின் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா... ஒண்ணுக்கு... வருது."

"வருதாம்! வள்ளி, பிள்ளைக்கு வருதாம்!" என்று அத்தை கத்திய கத்தலில், எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பாண்டி போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் மெல்ல இறங்கியது.

"காய்ச்சல்தான் விட்டிருச்சே, இனி எதுக்கு இந்தக் கசப்பு? தலைக்குத் தண்ணி ஊத்திரலாம்," என்றாள் அம்மா.

மொழி வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா சொன்னதைக் காதுல வாங்கலியா நீ? மாத்திரை முடியட்டும். அதுவரைக்கும் நிறையத் தண்ணி குடிக்கணும்!"

மொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிண்ணத்தை நிரப்பினாள்.

மாத்திரை முடிந்த அன்று பாண்டி எழுந்து உட்கார்ந்தான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அக்காவை முறைத்தான்.

"நீ ஏமாத்துக்காரி! பேரருவின்னு சொல்லிச் செம்பு நிறையக் குடிக்க வச்சே, அங்கன குரங்கும் இல்ல, வடையும் இல்ல, நெசமான அருவிக்குக் கூட்டிட்டுப் போ, அத்தையும் வரணும், எனக்குத்தான் பெரிய வடை!"

நடுவில் எங்கேயும் நிற்காமல் சொல்லி முடித்தான்.

அம்மா அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு ராசா," என்றாள்.