சரிபார்ப்பில் தோற்றவள்

முதலில் வந்தது ஒரு ஜோடி செருப்புக்கான ரசீது. மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில், ஒரு நோயாளியைப் படம் எடுத்து முடித்துவிட்டு அவள் கனத்த ஈயக் கவசத்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. அவளுடைய கிரெடிட் கார்டில் யாரோ செருப்பு வாங்கியிருந்தார்கள். அளவு ஏழு என்று போட்டிருந்தது. அவளுடைய அளவும் ஏழுதான்.

ஊரில் பாதிப் பேருக்கு ஏழுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வங்கிக்குப் போன் செய்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, திரும்பவும் ஒன்றை அழுத்து என்று இயந்திரக் குரல் அவளை அலைக்கழித்தது; நடுநடுவே ஒரே புல்லாங்குழல் துண்டு, காதுக்குள் ஈ புகுந்தது போல, தேய்ந்து தேய்ந்து ஒலித்தது. இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் லைனுக்கு வந்து கார்டை முடக்கினாள்.

மறுநாள் மூக்குக் கண்ணாடி. அவளுடைய பவர். அதற்கு மறுநாள் தைராய்டு மாத்திரை, அவள் போடும் அதே அளவு. எல்லாம் முடக்கிய கார்டில். மறுபடியும் வங்கிக்குப் போன் செய்தாள்.

"பிளாக் பண்ணச் சொன்னேனே!"

"பண்ணினோம் மேடம். அப்புறம் நீங்களே கூப்பிட்டு பிளாக்கை எடுத்துவிடச் சொன்னீங்க."

"நான் சொல்லவே இல்லம்மா!"

"சரி மேடம், சரிபார்ப்புக்கு ஒரு கேள்வி. நீங்க முதல்ல படிச்ச ஸ்கூல் பேரு?"

சொன்னாள்.

"தப்பு மேடம்."

"என் ஸ்கூல் எனக்குத் தெரியாதா?"

"மன்னிக்கணும். சிஸ்டத்துல வேற இருக்கு." புல்லாங்குழல் திரும்ப வந்தது. போனைச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது.

"செருப்பு, கண்ணாடி, மாத்திரை... திருடன் உன்னைவிடச் சிக்கனமா இருக்கான், விடேன்" என்று கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வங்கிக் கிளைக்கே போனாள். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவளைக் கூப்பிட்டார். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் டொக், டொக் என்று விழுந்துகொண்டிருந்தது.

"நேத்து சாயந்திரம் நாலு மணிக்கு நீங்க பேசினது ரெக்கார்டுல இருக்கு. நீங்களே கேளுங்க."

நாலு மணிக்கு அவள் ஒரு கிழவரின் உடைந்த இடுப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

அவள் குரல். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கும் அவளுடைய வழக்கம்கூட அப்படியே இருந்தது. பின்னணியில் ஒரு வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம். ஒரு கால் சரியாக ஊன்றாமல், சுற்றுக்கு ஒருமுறை தரையில் இடிக்கும் அவள் வீட்டு மெஷின். பிறகு, அருகில், ஒரு சின்னக் குரல்.

"அம்மா, என் ரப்பர் எங்க?"

"இரு கண்ணு. அம்மா போன்ல இருக்கேன்ல."

ஹெட்போனைக் கழற்றினாள். "அது... என் பொண்ணு."

அதிகாரி நிம்மதியாகத் தலையாட்டினார். "அதைத்தான் மேடம் நாங்களும் சொல்றோம். பேசினது நீங்கதான்."

படியிறங்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். போகவில்லை. சிம் செல்லாது என்றது திரை. ஓடினாள். மூன்று தெரு. மூச்சு நெஞ்சைக் கிழித்தது. வெயில் சாய்ந்து மாடிப்படிகளில் நிழல் ஏறத் தொடங்கியிருந்தது. சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. பூட்டு புதிது.

மணியை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

கதவு ஒரு கையகலம் திறந்தது. சங்கிலி. அதன் கீழே மகளின் முகம்.

"கண்ணு... கதவைத் திற. அம்மாடா."

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. பயம் இல்லை. சாமான் விற்க வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை.

"எங்க அம்மா உள்ள இருக்காங்களே, ஆன்ட்டி."

உள்ளே கணவன் எதற்கோ சிரித்தான். நிம்மதியான சிரிப்பு.

குழந்தையின் தலையில் ஒரு பக்கப் பின்னல் முடிந்திருந்தது. மறுபக்கம் முடி அவிழ்ந்து தொங்கியது. கதவுக்குப் பின்னால் இருந்த இருட்டிலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்தன. அவளுடைய கைகளேதான். அவை அந்த முடியை மூன்றாகப் பிரித்து, அவசரமே இல்லாமல், பின்னத் தொடங்கின.